ஆறாவது கால்

ஜூன் மாதம் முதல் மழை பெய்த மறுநாள் சாயங்காலம் வண்டுகள் வந்துவிடும். பழுப்பு நிறம், காப்பிக்கொட்டை அளவு. வருஷம் முழுக்க வாசல் புல்தரைக்கு அடியில் புழுவாகக் கிடந்து வேரைத் தின்றவை, சிறகு முளைத்ததும் மேலே வந்து வராந்தா விளக்கைத் தேடி ஓடிவரும். பறக்கவும் ஒழுங்காகத் தெரியாது. ஜன்னல் வலையில் மோதி மல்லாந்து விழும். விழுந்தால் நிமிரத் தெரியாமல் ஆறு கால்களையும் ஆட்டிக்கொண்டே கிடக்கும்.

சித்தப்பா அவற்றைப் பார்க்கமாட்டார், கேட்பார். வராந்தா நாற்காலியில் வலது காது வீட்டுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

"பதினாலு. அதுல ஒண்ணுக்கு இறக்கை ஒடிஞ்சிருக்கு. எண்ணிப் பாரு, ஊர்சுத்தி."

ஊர்சுத்தி என்பது நான்தான். நாலு வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவள். அம்மா வீட்டில் அண்ணன் குடும்பம் நிறைந்துவிட்டதால், அம்மாவின் தங்கை வீட்டுப் பின்னறை எனக்குக் கிடைத்தது. துடைப்பத்தால் வண்டுகளைக் கூட்டி எண்ணினேன். பதினாலு. ஒன்றுக்கு இறக்கை ஒடிந்திருந்தது.

அந்தக் காதால்தான் சித்தப்பா பிழைத்தார். எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் தெரிகிற காகித ஆலையில் அவர் ஃபிட்டர். பத்தொன்பது வயதில் தரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "அந்த மெஷின் வலிக்குதுன்னு சொல்லுது சார்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அந்த மெஷின் உடைந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவரிடம் முழ நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று உண்டு. மரப்பிடி கை பட்டுப்பட்டுக் கறுத்துப்போயிருக்கும். அதன் முனையை ஓடுகிற உருளையின் பேரிங் மேல் வைத்து, பிடியை வலது காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். இன்ஜினீயர்கள் சுற்றி நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இன்னும் நாப்பது நாள் தாங்கும்" என்பார். தாங்கும். "நிறுத்து" என்பார். நிறுத்திவிடுவார்கள்.

இடது காது ஆலை இரைச்சலில் எப்போதோ போய்விட்டது. ஆலையில் அது யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் நடக்கிற காதுப் பரிசோதனையில், பொத்தானை அழுத்துகிற நர்ஸின் விரலை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தே கையைத் தூக்கிவிடுவார். இதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

மிச்சமிருந்த ஒற்றைக் காது வீட்டையும் ஆண்டது. எதிர்வீட்டில் யார் கதவைச் சாத்தினார்கள், குளிர்பெட்டியை யார் திறந்தார்கள், எத்தனை மிடறு குடித்தார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். சித்திக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அந்த வீட்டில் அவளால் நிம்மதியாக அழக்கூட முடியாது. ரெண்டு அறை தள்ளி உட்கார்ந்துகொண்டு, "என்னடி, மூக்கை உறிஞ்சுறே? எவன் செத்தான்?" என்று கேட்பார். அதனால் அவள் உதட்டைமட்டும் அசைத்துப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் வந்த பத்தாம் நாளே எனக்கும் அது பழகிவிட்டது. காய் நறுக்கும்போது எதிரெதிரே உட்கார்ந்து சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வோம். கத்தி மட்டும் டக் டக் என்று அடிக்கும்.

ஜூன் மாதம் அவளுக்கு இன்னும் கஷ்டம். வண்டைக் கண்டாலே அவளுக்கு உடம்பு கூசும். கல்யாணமான முதல் கோடையில், விருந்தாளிகள் நிறைந்திருந்த கூடத்தில் சித்தப்பா அவள் கழுத்துக்குப் பின்னால் ஒரு வண்டை விட்டார். அவள் அலறிக்கொண்டு ஆடியதைப் பார்த்து எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சித்தப்பாவுக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து ஒரு கோடைகூடத் தவறவில்லை. சித்தி ஜூன் முழுக்கக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்வாள். துண்டு நழுவுகிற நேரம் அவருக்குத் தெரியும். அதையும் காதால்தான் கண்டுபிடித்தாரோ என்னவோ.

அந்த ஜூனில் சித்தப்பா குஷியாக இருந்தார். ஃபோர்மேன் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் இவருக்குத்தான் என்று ஆலையில் பேச்சு. மாசக் கடைசியில் டாக்டர் உடம்பைப் பார்த்துச் சரி என்று எழுதிவிட்டால் போதும். முப்பது வருஷமாகக் கிரீஸ் அப்பிய நீலச் சட்டை போட்ட மனுஷனுக்கு வெள்ளைச் சட்டை. வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. "என் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கணும்னா அன்னைக்காவது தலையைச் சீவிக்கோ" என்று சித்தியிடம் சொல்லியிருந்தார்.

அந்தச் சாயங்காலம் ஒட்டடை வந்திருந்தார். ஆலையில் மெஷின் ஓட்டுகிறவர். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பதால் அந்தப் பெயர். அவர் பொண்டாட்டிகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாளாம்.

"அண்ணே, ஃபோர்மேன் ஆனதும் எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

"உன்னைத் தெரியாம என்னடா? கூரைக்கு மேல தலை நீட்டிக்கிட்டு நிக்கிறவனாச்சே."

சித்தி டீ கொண்டுவந்தாள். நான் தட்டோடு பின்னால் வந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஒட்டடையிடம் திரும்பினார்.

"நம்ம ஊர்சுத்தி நேத்து கொல்லையில நின்னு யார்கிட்டயோ போன் பேசுச்சு. கேளு." குரலை மெல்லிசாக்கி, தொண்டை அடைக்க, "ஒரே ஒரு தடவை வந்து பேசிட்டுப் போ... நான் எதுவும் கேக்கமாட்டேன்... ப்ளீஸ்" என்றார்.

என் குரல். என் மூச்சு வாங்கல்கூட அப்படியே இருந்தது. ஒட்டடை சங்கடமாகச் சிரித்தார். 

"வந்தானா அவன்?" என்று சித்தப்பா கேட்டார்.

 சித்தி என்னைப் பார்த்துக்கொண்டே குனிந்து டம்ளரை நீட்டினாள். துண்டு நழுவியது. சித்தப்பாவின் கை தரையிலிருந்து ஒரு வண்டை எடுத்து அவள் முதுகுக்குள் போட்டுவிட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவள் அலறினாள். டீ அவள் கையிலேயே கொட்டியது. சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"விடுங்கண்ணே, பாவம் அக்கா" என்று ஒட்டடை எழுந்தார். தோட்டத்துக் குழாயடிக்குச் சித்தியைக் கூட்டிப்போய்க் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு சித்தப்பா வராந்தா பெஞ்சில், விளக்குக்கு நேர் கீழே படுத்தார். எப்போதும்போல இடது பக்கம் கீழே, வலது காது மேலே. அப்படிப் படுத்தால்தான் வீடு கேட்கும். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு கத்தல் கேட்டது. அந்தக் குரலில் அவர் கத்தி நான் கேட்டதில்லை, சித்தியும் கேட்டதில்லை. ஓடிவந்தோம். காதைப் பொத்திக்கொண்டு தரையில் முட்டிபோட்டுத் தலையை உதறிக்கொண்டிருந்தார்.

"உள்ளே... உள்ளே போயிருச்சு... தோண்டுதுடி!"

"டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்! ஆலை டாக்டர் ஃபைல்ல எழுதிருவான். வேற எவன்கிட்ட போனாலும் அவனுக்குச் சேதி போயிரும். நீ எடுடி, நீயே எடு!"

சித்தி சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் காதில் விட்டாள். வண்டு அடங்கும்வரை அவர் பெஞ்சுக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் டார்ச் பிடித்தேன். புருவம் பிடுங்குகிற இடுக்கியால் அவள் இழுத்தாள். அந்த வண்டின் கால்களில் முள் உண்டு, பின்னோக்கி வளைந்தவை. முன்னே போகலாம், பின்னே வராது. அதனால் துண்டுதுண்டாகத்தான் வந்தது. முதலில் ஒரு இறக்கை ஓடு. பிறகு வயிறு. பிறகு தலை. ஒவ்வொன்றாகச் சாஸரில் வைத்தாள். கடைசியில் கால்கள்.

நான் எண்ணினேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, இத்தனை நாள் பழக்கம். ஐந்து.

சித்தியும் சாஸரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சத்தைத் திரும்பக் காதுக்குள் காட்டினேன். ஆழத்தில், எண்ணெய்ப் பளபளப்புக்கு அடியில், நூல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாம் வந்துச்சா?" சித்தப்பாவின் குரல் குழந்தைக் குரலாகியிருந்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. பேசாதே.

"வந்துருச்சுங்க" என்றாள் சத்தமாக. "எல்லாம் வந்துருச்சு." சாஸரை எடுத்துப்போய்க் கழுவினாள். வெந்த கையில் சோப்பு பட்டு எரிந்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கும் வாய் இருந்தது. திறக்கவில்லை.

மறுநாள் ஆலையில் மூன்றாம் உருளையின் பேரிங்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, சித்தப்பா "நிறுத்து" என்றாராம். உள்ளே மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி கேட்கிறது என்றாராம். மெஷினை நிறுத்தினார்கள். ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்து பிரித்தார்கள். பேரிங் ஒரு கீறல்கூட இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும், "மெஷினுக்குப் போட்ட கிரீஸ்ல கொஞ்சம் உங்க காதுக்கும் போட்டுக்குங்க" என்றாராம். ஒட்டடை வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்கே முகம் சுருங்கியது. "எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சுக்கா. அண்ணன் ஸ்க்ரூடிரைவரைத் துடைச்சுக்கிட்டே வெளியே போயிட்டாரு."

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் சித்தப்பா அடுக்களைக்கு வந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். நாங்கள் இருப்பதையே பார்க்காதவர்போல அதைக் குளிர்பெட்டியின் முதுகில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினார். பிறகு மிக்ஸியில். பிறகு தண்ணீர்க் குழாயில். பிறகு சுவரில் வைத்தார். வெகுநேரம் சுவரைக் கேட்டார். கொல்லைக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துக் குனிந்து நின்றார். அழுத்தினால் அந்த மணல் சத்தம் கேட்கிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. அதை அவர் முகத்தில் என்னால் பார்க்க முடிந்தது.

உள்ளே வந்து சித்தியின் முன் நின்றார். "கல்லுக்குள்ளகூட கேக்குது" என்றார். 'டி' போடவில்லை. "நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. நேத்து முழுசா வந்துச்சா?"

கத்தி டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நின்றது.

"வந்துருச்சுங்க. எண்ணிப் பாத்தேன்."

"அப்போ இடுக்கி பட்டுப் புண்ணாயிருக்கு. ஆறிடும்." தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். "அந்தச் சத்தத்தைக் கழிச்சுட்டுக் கேட்டாப் போதும்."

அவர் போனதும் நான் உதட்டை அசைத்தேன். சொல்லிடலாமா? சித்தி கத்தரிக்காயைப் பார்த்தபடி உதட்டை அசைத்தாள். வெள்ளைச் சட்டை போட்டு நிக்கட்டும், அன்னைக்குச் சொல்லலாம். பிறகு சிரித்தாள். அவள் பற்களை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன். கொல்லையில் நின்று நான் கெஞ்சியதை இன்னொரு வாயிலிருந்து கேட்டவள் நான். இதற்குமேல் காரணம் எதையும் என்னால் சொல்ல முடியாது.

ஒரு வாரம் ஓடியது. அடுத்த வியாழக்கிழமை ஏழாம் உருளை முனகுகிறது என்று ஒட்டடையே சித்தப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா வைத்துக் கேட்டார். உள்ளே மணல் அரைபட்டது. அதைக் கழித்தார். மிச்சம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. இன்னொரு தடவை வீணாக நிறுத்தினால் ஃபோர்மேன் வேலை கைவிட்டுப் போய்விடும்.

"ஒண்ணுமில்லடா. ஓட்டு."

"நல்லாக் கேட்டீங்களாண்ணே?"

"என் காதுக்கே கேள்வியா? ஓட்டுடா, ஒட்டடை."

ஓட்டினார். ரெண்டு மணி நேரம் கழித்துக் காகிதம் அறுந்தது. அறுந்த நுனியைக் கையால் உருளைக்குள் செருகிவிடுவது அவர்களுடைய வழக்கம். கையால் செய்யக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும், அந்த எழுத்துக்குக் கீழே நின்றுதான் செய்வார்கள். ஒட்டடை செருகிக்கொண்டிருந்தபோது பேரிங் இறுகி, உருளை ஒரு குதி குதித்தது. வலது கையின் மூன்று விரல்களை இழுத்துக்கொண்டுவிட்டது.

விசாரணை என்று வந்ததும் சித்தப்பாவின் காதைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். ஆலை டாக்டர் இல்லை, வெளி ஆஸ்பத்திரி. அங்கே ஜன்னல் கண்ணாடி இல்லை. இடது காது செவிடு என்று எழுதினார்கள். வலது காதை வெந்நீர் பீய்ச்சிக் கழுவினார்கள். ஒரு கால் வந்து விழுந்தது. சவ்வில் ஓட்டை விழுந்து சீழ் பிடித்திருக்கிறது, இனி பாதிதான் கேட்கும் என்றார்கள்.

அவர் அந்த வண்டுக் காலைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்தார். ஒரு அரிசி நீளம் இருக்கும். முட்கள்கூடத் தெரிந்தன.

"எண்ணிப் பாத்தேன்னு சொன்னியே."

சித்தி அவர் எதிரே உட்கார்ந்தாள். உதட்டை அசைக்கவில்லை, முழுக் குரலில், அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ஆமா, எண்ணிப் பாத்தேன். அஞ்சு இருந்துச்சு."

அவர் கண் என் பக்கம் திரும்பியது. "நீயுமா?"

"நானும் எண்ணினேன் சித்தப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பஞ்சை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆலையில் அவரை வாசலில் உட்கார வைத்தார்கள். உள்ளே வருகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான். டிரைவர்கள் ஹாரன் அடித்துக் களைத்து, இறங்கிவந்து தோளைத் தட்டித்தான் கூப்பிடுகிறார்களாம். வெள்ளைச் சட்டை தையல்காரரிடமே கிடந்தது.

சித்தியும் நானும் ஒட்டடையைப் பார்க்கப் போனோம். பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். கட்டில் அவர் காலுக்குப் பத்தவில்லை.

"வாங்கக்கா. பாருங்க, இனிமே நான் ஏழு வரைக்கும்தான் எண்ண முடியும்."

அவர் பொண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணனைத் திட்டாதீங்க" என்றார் ஒட்டடை. "அவர் என்ன பண்ணுவாரு? காதுல கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? உங்க கை எப்படியிருக்கு? அன்னைக்கு டீ கொட்டுச்சே, தழும்பு ஆயிடுச்சா?"

சித்தி தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஆறிவிட்டது என்றாள். நாங்கள் அங்கே பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை.

திரும்பி வருகிற வழியில், தெரு நடுவே, அவள் நின்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சித்தி, நீங்கதானே பேசாதேன்னு..."

"நான் சொல்வேன். இருபத்தாறு வருஷம் என் முதுகுல ஊர்ந்துச்சு, நான் சொல்வேன். உனக்கு என்னடீ வந்துச்சு? ரெண்டு மாசம் இருக்க வந்தவ. ஒரு போன் பேச்சைச் சொல்லிக் காட்டினாரு, அவ்வளவுதானே? அதுக்கா?"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போட்டுப் பேச அவளுக்கு இப்போது பயமில்லை. எனக்குத்தான் உதட்டைக்கூட அசைக்க முடியவில்லை. அன்று காலையிலேயே என் பையைக் கட்டி வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெரியும்.

"போ" என்றாள், நடக்க ஆரம்பித்தபடி. "போறதுதானே உனக்குத் தெரிஞ்ச வேலை."

வீட்டு வாசலுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வராந்தாவில் ரெண்டு விளக்குகளில் ஒன்று எரிந்தது. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு காதிலும் பஞ்சு. மடியில் அந்தச் சாஸர். நாங்கள் கேட்டைத் திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. தரையிலிருந்து வண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாஸரில் மல்லாக்க வைத்து, சுண்டு விரலால் கால்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணியதைப் புல்லில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

"ஆறு... ஆறு... ஆறு."

ஜூன் முடியப்போகிற நேரம், வண்டுகளும் குறைந்துவிட்டன. தரையில் மூன்றோ நாலோதான் மிச்சம். அவற்றையும் எண்ணி முடித்துவிட்டால் எழுந்து உள்ளே வந்துவிடுவார் என்று தோன்றியது.

சித்தி அவரைக் கடந்து உள்ளே போனாள். செருப்பைக் கழற்றினாள். சுவரில் கையை வைத்து, வராந்தாவின் இன்னொரு விளக்கையும் போட்டாள்.